டக்காருக்குப் போன லேலண்ட்

வடகரை வரலாறு – 23

ஆப்பிரிக்காவின் மேற்கு முனையில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் டக்கார். செனகல் நாட்டின் தலைநகரம். 2010களின் நடுவில் அந்த நகரத்தின் அரசுப் பேருந்து நிறுவனமான டக்கார் டெம் டிக், நானூறுக்கும் மேற்பட்ட புதிய பேருந்துகளை வாங்கியது. வண்டிகளின் பெயர் அசோக் லேலண்ட். ஏறி இறங்கிய டக்கார்வாசிகளில் எத்தனை பேருக்கு எண்ணூர் என்றொரு ஊர் இருப்பது தெரிந்திருக்கும்? எண்ணூரிலும், தங்கள் ஊரில் பிறந்த கம்பெனியின் வண்டி செனகலில் ஓடுவதை அறிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

செனகல் ரொக்கம் எண்ணி வைத்து இந்தப் பேருந்துகளை வாங்கவில்லை. இந்தியாவின் எக்சிம் வங்கி கடன் கொடுத்தது. அரசாங்கத் தாள்களில் இதற்கு 'வளர்ச்சி ஒத்துழைப்பு' என்று பெயர். ஒரு காலத்தில் அமெரிக்காவும் உலக வங்கியும் நமக்குச் செய்ததைக் குறிக்க இதே மாதிரியான நல்ல சொற்கள் புழங்கின. ஆகவே டக்காரில் தொடங்கினால் கதையில் பாதிதான் கிடைக்கும். முன்பாதி நடந்தது ராயபுரத்தை ஒட்டிய துறைமுகச் சுவருக்குள். அப்போது கை நீட்டி நின்றவர்கள் நாம்.

1954 ஜூலை 10 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுச் சட்டம் 480. நம்மூர்ப் பத்திரிகைகளில் 'பி.எல். 480' என்றே அது பிரபலம். அமெரிக்காவின் கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது. விற்றால் விலை விழும், வைத்திருந்தால் வாடகை ஏறும். டாலர் இல்லாத நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்றுவிடலாம் என்று சட்டம் வழி திறந்தது. 1956 ஆகஸ்டில் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1960 மே மாதம், உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதைவிடப் பெரியது: நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி.

இந்த உதவியின் ஓரத்தில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. அதே 1954-ல் வந்த இன்னொரு அமெரிக்கச் சட்டப்படி, அரசு அனுப்பும் சரக்கில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் போக வேண்டும். அந்தக் கப்பல்களின் கட்டணமோ உலகச் சந்தைக் கட்டணத்தைவிட அதிகம். ஆக, கன்சாஸ் விவசாயிக்கு விலை கிடைத்தது, அமெரிக்கக் கப்பல் முதலாளிக்குக் கூலி கிடைத்தது, நமக்குக் கோதுமை கிடைத்தது. மூவரில் யாருக்கு உதவி என்று கேட்டால், மூவருக்கும்தான். உதவி பெற்றவர்களின் பட்டியலில் நம் பெயர் மட்டும் எழுதப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

தானியம் வந்தால் போதுமா, இறக்க இடம் வேண்டாமா? இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இயந்திரங்களும் எஃகும் உணவும் ஒரே நேரத்தில் வந்து குவிய, இந்தியத் துறைமுகங்கள் திணறின. 1958-ல் உலக வங்கி கல்கத்தா துறைமுகத்துக்கு 2 கோடியே 90 லட்சம் டாலரும் சென்னைத் துறைமுகத்துக்கு 1 கோடியே 40 லட்சம் டாலரும் கடன் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்நியச் செலாவணி தீர்ந்து தவித்த இந்தியாவுக்கு உதவ வசதி படைத்த நாடுகள் உலக வங்கியின் தலைமையில் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. சென்னைத் துறைமுகத்தில் அன்று தொடங்கிய விரிவாக்கத்தின் பலன் 1964-ல் திறக்கப்பட்ட ஜவஹர் டாக். கப்பல்கள் ஆறு ஒரே சமயத்தில் கட்டி நிற்கலாம்.

சோறு தின்னும் சென்னை மாநிலத்துக்குக் கோதுமை ஒரு விருந்தாளிதான். அறுபதுகளில் ரேஷன் கடைக்குப் பை தூக்கிப் போன தலைமுறைக்குக் கோதுமையோடு மைலோவும் நினைவிருக்கும். மைலோ என்பது அமெரிக்கச் சோளம். அங்கே பெரும்பாலும் மாட்டுத் தீவனம் என்பதை அறிந்தபோது இங்கே எழுந்த கோபத்தை விவரிக்கத் தேவையில்லை. காமராஜரின் மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான 'கேர்' பால்பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் கொடுத்தது. அதுவும் கப்பல் வழிதான்.

பிறகு வந்தது 1965-66 வறட்சி. 1966-ல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ 1 கோடி டன். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியா தன் விவசாயத்தைக் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 1965 நவம்பரில் ரோம் நகரில், அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தனர். உர உற்பத்தியில் அந்நிய முதலீட்டுக்கு வழி விட வேண்டும் என்பது அன்றைய அமெரிக்க வற்புறுத்தல்களில் ஒன்று. பொள்ளாச்சிக்காரரான சி.எஸ். இதைத் தலைகுனிவாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் செய்ய நினைத்ததையே, வெளிநாட்டு நெருக்கடியைச் சாக்காக வைத்து, தயங்கிய சொந்த அமைச்சரவையைத் தாண்டிச் செய்துகொண்டார் என்பதே இந்தத் தொடர் எழுதுபவரின் எண்ணம்.

சென்னையின் வடகரையில் அதன் தடம் மணலியில் இருக்கிறது. 1966 டிசம்பரில் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் சேர்ந்து மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தன. 1971-ல் உற்பத்தி தொடங்கியது. கோதுமை கேட்டுப் போன இடத்தில் உர ஆலை கிடைத்தது என்றும் சொல்லலாம், உர ஆலையை ஒப்புக்கொண்டால்தான் கோதுமை என்று சொன்னார்கள் என்றும் சொல்லலாம். வாசகர் தம் அரசியலுக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளட்டும்.

கோதுமைக்குக் கொடுத்த ரூபாய் என்ன ஆனது? அது அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே கிடந்து பெருகிக்கொண்டிருந்தது. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய காசோலை அது.

*

இப்போது எண்ணூருக்குப் போவோம். வெளிநாட்டு உதவியோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் இந்த அத்தியாயத்தின் சாவியை வைத்திருக்கும் கதை அது.

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாபித் தொழிலதிபர் தன் மகனின் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூர் ஆலையில் 1949-ல் ஆஸ்டின் ஏ40 கார் வெளிவந்தது. காரை அங்கே செய்தார்கள் என்று சொல்வது மிகை. இங்கிலாந்தில் செய்து, அக்கக்காகப் பிரித்து, பெட்டிகளில் அடைத்து அனுப்பிய பாகங்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும். எண்ணூரில் முடுக்கிப் பூட்டுவார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு லாரி, பஸ்களுக்கான ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில், இறக்குமதி செய்து பூட்டுவதோடு நில்லாமல் படிப்படியாக இங்கேயே செய்வது என்றும் ஒரு வாசகம் இருந்தது. 1951-ல் காமெட் லாரி வந்தது.

அந்த வாசகத்துக்கு உயிர் கொடுத்தது 1953-ல் வந்த டாரிஃப் கமிஷன் அறிக்கை. பாகங்களை உள்நாட்டில் செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டும் இருக்கலாம், வெறும் பூட்டுப் பட்டறைகள் மூடிக்கொள்ளலாம் என்று அரசு முடிவெடுத்தது. உலகின் இரு பெரும் கார் நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. எண்ணூர் தங்கியது. 1955-ல் லேலண்ட் பங்கு எடுக்க, பெயர் அசோக் லேலண்ட் ஆனது. வார்ப்புக்கும் பல்சக்கரத்துக்கும் ரப்பருக்கும் உப்புத்தாளுக்கும் தேவை எழுந்தது. திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப் என்று வரிசையாக ஆலைகள் எழுந்த காலமும் அதுவே. முந்தைய அத்தியாயங்களில் அவற்றை விரிவாகப் பார்த்தோம்.

பூட்டுப் பட்டறையாகத் தொடங்கிய ஓர் ஊர் தொழிற்பேட்டையாக மாற, 'முடியாது' என்று சொல்லும் பலம் உள்ள ஓர் அரசு தேவைப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுவோம்.

*

செனகல் 1960 ஏப்ரலில் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. முதல் அதிபர் லெயோபோல்ட் செங்கோர், பிரெஞ்சு மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவர். தமிழர்களுக்கு அவரோடு ஒரு விசேஷ உறவு உண்டு, பலரும் மறந்துவிட்ட உறவு. கறுப்பின மக்களின் பண்பாட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று செங்கோர் உறுதியாக நம்பினார். 1974-ல் சென்னைக்கு வந்து அதைப் பற்றியே உரையாற்றினார். டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு இடம் ஒதுக்கினார். கன்னட மொழியியலாளர் யு.பி. உபாத்யாயா அங்கே சென்றார். தமிழறிஞர் க.ப. அறவாணனும் எழுபதுகளின் பிற்பகுதியில் அங்கே சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னாளில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர் அவர். அந்த ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகளை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. அது வேறு விஷயம். வறுமையோடு போராடிய ஓர் ஆப்பிரிக்க நாடு தன் செலவில் தமிழாய்வை வளர்த்தது என்பதை 'உதவி' என்ற கணக்கில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே எழுபதுகளில் செனகல் சரிந்துகொண்டிருந்தது. 1968 முதல் 1973 வரை சகேல் பகுதி முழுவதையும் வாட்டிய வறட்சி. ஏற்றுமதிக்கு நிலக்கடலையை நம்பிய பொருளாதாரம். எண்ணெய் விலை ஏற்றம். சகாராவுக்குத் தெற்கே, உலக வங்கியின் 'கட்டமைப்புச் சீரமைப்பு'க் கடனை முதலில் வாங்கிய நாடுகளில் செனகலும் ஒன்று. 1980-ல் வாங்கியது. கடனோடு வந்த சீட்டில் எழுதியிருந்தவை பழகியவைதான்: அரசுச் செலவைக் குறை, மானியத்தை வெட்டு, சுங்கத் தடுப்புகளை எடு. 1986-ல் 'புதிய தொழிற்கொள்கை' என்ற பெயரில் உள்நாட்டு ஆலைகளுக்கு இருந்த சுங்கப் பாதுகாப்பு தளர்த்தப்பட்டது. பல ஆலைகள் தாங்கவில்லை. 1994 ஜனவரியில், பிரெஞ்சு நாணயத்தோடு பிணைக்கப்பட்டிருந்த சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக வெட்டப்பட்டது. அந்த அறிவிப்பு வெளியான ஊரும் டக்கார்தான். வெளிநாட்டிலிருந்து வரும் அரிசி, மருந்து, உதிரிபாகம் எல்லாவற்றின் இறக்குமதி விலையும் ஃபிராங்க் கணக்கில் ஒரே இரவில் இருமடங்கு.

நகரப் பேருந்துக்கு வருவோம். 1971-ல் தொடங்கிய சோட்ராக் என்ற நிறுவனம் டக்காரில் பஸ் ஓட்டியது. மானியம் வற்றிய பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாகப் பணிமனையில் படுத்தன. 1998-ல் நிறுவனமே மூடப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பியவை 'கார் ரபீட்' எனப்படும், நீலமும் மஞ்சளும் பூசிய, பழைய ரெனோ வேன்கள். நம்மூர் ஷேர் ஆட்டோவை நான்கு மடங்கு பெரிதாக்கி, உடம்பெல்லாம் சித்திரம் எழுதிவிட்டால் கிட்டத்தட்ட அதுதான். அழகானவை, புகை கக்குபவை. அவசரமாக வேலைக்குப் போக வேண்டியவரின் சாபத்தையும் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவை.

மீட்சி மெல்ல வந்தது. 2000-க்குப் பிறகு பொருளாதாரம் ஓரளவு நிமிர்ந்தது. டக்கார் டெம் டிக் என்ற புதிய பேருந்து நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004 ஏப்ரலில், கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான திட்டத்தின் இறுதிப் படியைச் செனகல் தொட்டது. பழைய கடன்களில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்யப் பணக்கார நாடுகள் முன்வந்தன.

அதற்கு முந்தைய மாதம், 2004 மார்ச்சில், புதுதில்லியில் எட்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியா ஒரு கூட்டணி அமைத்தது. பெயர் 'டீம்-9'. செனகலும் அதில் உண்டு. ஐம்பது கோடி டாலர் கடன் வசதி. பழைய கடன்காரர்கள் கணக்கை அழித்துக்கொண்டிருந்த அதே பருவத்தில் புதிய கடன்காரர் ஒருவர் பேரேட்டைத் திறந்தார் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தள்ளுபடி செய்த நாடுகள் எதுவும் டக்காருக்குப் பஸ் கொடுக்க வரிசையில் நிற்கவில்லை என்பதும் உண்மை.

*

இந்தியா ஆப்பிரிக்காவுக்கு உதவத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பே. 1964 செப்டம்பர் 15 அன்று 'ஐடெக்' என்ற தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கியது. நாமே அமெரிக்கக் கோதுமைக்காகக் கப்பல் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு அது. பணம் கொடுக்க வழியில்லாததால் படிப்பைக் கொடுத்தோம்: வளரும் நாடுகளின் அதிகாரிகளையும் தொழில்நுட்பர்களையும் வரவழைத்து இந்தியச் செலவில் பயிற்சி.

கடன் கொடுக்கும் வசதி வந்தது பின்னால்தான். எக்சிம் வங்கி 1982-ல் இயங்கத் தொடங்கியது. 2003-04 நிதியாண்டில் வெளிநாட்டுக் கடன் திட்டத்துக்குப் புதிய வடிவம் கொடுத்தார்கள். அது இயங்கும் விதம் கவனிக்கத்தக்கது. செனகல் அரசு கடன் வாங்குகிறது என்றால் பணம் டக்காருக்குப் போகாது. இந்திய நிறுவனம் பொருளைக் கப்பலேற்றிய ஆவணங்களைக் காட்டும். எக்சிம் வங்கி அந்த நிறுவனத்துக்கு இந்தியாவிலேயே பணம் கொடுத்துவிடும். செனகல் பிறகு பல ஆண்டுகளில் வங்கிக்குத் திருப்பிச் செலுத்தும். வட்டி சந்தையைவிடக் குறைவு. வித்தியாசத்தை இந்திய அரசு, அதாவது வரி கட்டும் நாம், ஏற்கிறோம். வாங்கும் பொருளில் பொதுவாக 75 விழுக்காடு இந்தியாவிலிருந்து இருக்க வேண்டும்.

அமெரிக்கக் கொடிக் கப்பலில் பாதிச் சரக்கு என்று 1954-ல் அவர்கள் போட்ட நிபந்தனையைப் படித்து முகம் சுளித்த வாசகர் இந்த 75 விழுக்காட்டையும் அதே முகத்தோடு படிக்க வேண்டும். அதுதான் நியாயம்.

செனகலுக்குக் கிடைத்த இந்தியக் கடனில் முதலில் பேசப்பட்டவை டாடா பேருந்துகள்தான். சுமார் 1 கோடியே 79 லட்சம் டாலர் கடனில் 350 பேருந்துகள். ஏறக்குறைய அதே காலத்தில், கார் ரபீட் உரிமையாளர்கள் பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் புதிய மினி பஸ் வாங்க உலக வங்கி நிதி கொடுத்தது. அந்த 505 மினி பஸ்களும் டாடாதான். இந்த வண்டிகளைப் பூட்டிய ஊர் தியெஸ், டக்காருக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் ரயில்வே நகரம். நமக்குப் பெரம்பூர் போல, ரயில் பட்டறையும் தொழிற்சங்கமும் சேர்ந்து உருவாக்கிய ஊர். 1947 அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதத்துக்கு மேல் நடந்த டக்கார்-நைஜர் ரயில்வே வேலைநிறுத்தத்தின் மையம். இந்தியாவிலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைத் தியெஸில் சென்பஸ் என்ற நிறுவனம் பூட்டியது.

பிரிட்டன் பெட்டிகளை எண்ணூர் பிரித்தது; இந்தியப் பெட்டிகளைத் தியெஸ் பிரித்தது. ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளி. தியெஸ் ஏன் இன்னோர் எண்ணூர் ஆகவில்லை? செனகல் தொழிலாளியின் கைத்திறன் குறைவு என்று சொல்பவர்கள் வரலாறு படிக்காதவர்கள். 1953-ல் இந்தியாவுக்கு ஒரு பெரிய உள்நாட்டுச் சந்தை இருந்தது; ஜெனரல் மோட்டார்ஸை வெளியேற்றிவிட்டும் ஊரில் லாரி வாங்க ஆள் இருந்தார்கள். 2004-ல் செனகலின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடிதான். சந்தை சிறிது என்பது ஒன்று. சுங்கச் சுவரை எழுப்பித் தன் பட்டறையை வளர்க்கும் உரிமையை அது எண்பதுகளிலேயே கடன் கொடுத்தவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது என்பது இன்னொன்று. நேருவின் அரசுக்கு இருந்த 'முடியாது' என்ற சொல் செனகலிடம் இல்லை.

அதற்குப் பிறகு வந்தவையே தொடக்கத்தில் சொன்ன லேலண்ட் பேருந்துகள். பேருந்து என்பது வாங்கும் நாளில் முடிந்துவிடும் பொருளல்ல. பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், ஃபில்டர் எல்லாம் மாதாமாதம் வேண்டும். உள்ளூரில் உதிரிபாகக் கடையும் கை பழகிய மெக்கானிக்கும் இல்லாவிட்டால் புது வண்டியும் சோட்ராக்கின் வண்டிகள் போன வழியில்தான் போகும். கடன் ஒப்பந்தத்தில் வண்டியின் எண்ணிக்கையைத் தடித்த எழுத்தில் போடும் அதிகாரிகள், பணிமனைக்கும் பயிற்சிக்கும் அதே அக்கறை காட்டியிருக்க வேண்டும். டக்கார் நிர்வாகம் சோட்ராக் காலத்து அனுபவத்திலிருந்து இதை வற்புறுத்திக் கேட்டிருக்கவும் வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. இந்தியக் கடனில் போன நீர்ப்பாசனப் பம்புகள், சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர் பெறுமானவை, செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெல் சாகுபடிக்குப் பயன்பட்டன. ஆற்றில் தண்ணீர் இருந்தது, வயல் இருந்தது, நடுவில் பம்பு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் உதவி பேருந்தைவிட ஆழமாக வேர்பிடிக்கும். டக்காரில் இந்திய மானியத்தில் 2002-ல் திறக்கப்பட்ட தொழில் பயிற்சி மையத்தை எச்.எம்.டி.யின் சர்வதேசப் பிரிவு நிறுவிக்கொடுத்தது. கடைசல் இயந்திரத்திலும் மோட்டார் பழுதிலும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அங்கிருந்து வெளிவருகிறார்கள்.

அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2004-ல், ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசுகையில் முன்வைத்த யோசனை இன்னொன்று: செயற்கைக்கோள் வழியே இந்திய மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் ஆப்பிரிக்காவோடு இணைப்பது. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல், முழுவதும் இந்திய மானியம். 2009 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கிய அந்த வலையமைப்பின் ஆப்பிரிக்க மையத் தரைநிலையம் அமைந்த இடம் டக்கார். இந்தப் பக்கம் பாடம் நடத்தியவற்றில் சென்னைப் பல்கலைக்கழகமும், மருத்துவ ஆலோசனை சொன்னவற்றில் சென்னை மருத்துவமனைகளும் இருந்தன. ராமேஸ்வரத்துக்காரரின் கற்பனைக்கு டக்காரில் ஆண்டெனா எழுந்தது.

*

இந்தியா தனியாக ஓடவில்லை. 2008-ல் தில்லியில் நடந்த முதல் இந்திய-ஆப்பிரிக்க மாநாட்டில் 540 கோடி டாலர் கடன் அறிவிப்பு, 2015-ல் ஆயிரம் கோடி டாலர். சீனாவின் கணக்குக்கு முன்னால் இவை சிறியவை. 2024-ல் டக்காரில் விரைவுப் பேருந்துத் தடம் இயங்கத் தொடங்கியது. பதினெட்டு கிலோமீட்டர் தனிப்பாதை, 121 மின்சாரப் பேருந்துகள். தடத்துக்கு நிதி உலக வங்கியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும். பேருந்துகள் சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. கடன் ஒருவருடையது, ஆர்டர் இன்னொருவருக்கு.

கொடுக்கும் நாடானதால் வாங்குவதை நாம் நிறுத்திவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணூரில் 2001-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் பெற்றது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் ஜப்பானின் ஜைக்கா கடனில் எழுந்தது; அதன் நீட்சி 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகரை எட்டியது. ஒரு கையால் டக்காருக்குப் பேருந்து கொடுத்துக்கொண்டே மறு கையால் டோக்கியோவிடம் ரயிலுக்குக் கடன் வாங்கிய காலம் இது.

செனகலோடு நமக்குள்ள உறவில் உதவியைவிட வணிகத்தின் எடையே அதிகம். டக்கார் வீடுகளின் மதியச் சாப்பாடு மீனும் குருணை அரிசியும் சேர்த்துச் சமைக்கும் சோறு. அந்தக் குருணையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போவது. 2022 செப்டம்பரில் உள்நாட்டு விலையைக் காரணம் காட்டி இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது செனகல் பதறியது. மறு ஆண்டு, அரசுக்கு அரசு என்ற முறையில் செனகலுக்குத் தனி அனுமதி கொடுத்தோம். 1966-ல் ஜான்சன் வாயைப் பார்த்து நின்ற நாடு, 2022-ல் இன்னொரு நாடு தன் வாயைப் பார்த்து நிற்கும்படி செய்தது. காரணங்கள் வேறு, காத்திருப்பு ஒன்றுதான்.

எதிர்த்திசையில் வருவது பாஸ்பேட். செனகலின் மண்ணுக்கடியில் இருக்கும் இந்தப் பாறை இந்திய உர ஆலைகளுக்கு உணவு. செனகலின் வேதித் தொழிற்சாலையான ஐ.சி.எஸ். பல பத்தாண்டுகளாகப் பாஸ்பாரிக் அமிலத்தை இந்தியாவுக்கு அனுப்பி வருகிறது. இஃப்கோ அதில் பங்கு வைத்திருந்தது. எண்ணூரில் உர ஆலை நடத்தும் கோரமண்டல் இன்டர்நேஷனல், 2022-ல் செனகலின் பாவோபாப் சுரங்க நிறுவனத்தில் 45 விழுக்காடு பங்கை வாங்கியது. பின்னர் பெரும்பான்மைப் பங்குதாரராகவும் ஆனது. லேலண்டின் எண்ணூருக்கும் டக்காருக்கும் நடுவில் கடன் ஒப்பந்தம் இருந்தது. கோரமண்டலின் எண்ணூருக்கும் செனகலுக்கும் நடுவில் இருப்பது உரிமைப் பத்திரம். சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இனி அங்குள்ளவர்கள் இந்தியாவைப் பார்த்துக் கேட்பார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் சங்கத் தலைவர்கள் வெள்ளைக்கார கம்பெனிகளைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி.

எண்ணூரிலும் அந்தக் கேள்வி ஓயவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, அந்த உர ஆலைக்குக் கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி இரவோடு இரவாக வீடுகளை விட்டு ஓடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 1963-ல் பாரி நிறுவனம் எண்ணூரில் தொடங்கிய அந்த ஆலையின் வரலாற்றை, மீனவக் குப்பங்களின் பக்கத்திலிருந்து, அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)